அளவறிந்து அணையும் விளக்கு

அடைகாக்கும் கோழியிடம் வெப்பமானி இல்லை. ஆயினும் முட்டைகளை எவ்வளவு சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதை அது அறிந்திருக்கிறது. நம்முடைய கருவிப் பெட்டிகளில் அந்தச் சூட்டை 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கிறார்கள். சில மணி நேரம் ஆறேழு டிகிரி கூடினாலே முட்டைக்குள் இருக்கும் கரு மடிந்துவிடக்கூடும். கோழி செய்யும் இந்த வேலையைக் குறைந்த செலவில் ஒரு பெட்டியைக் கொண்டு செய்விக்க முடியுமா? அறிவியல் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் எடுத்துக்கொண்ட வேலை இதுதான்.

ஓரிடத்தின் வெப்பநிலையைத் தானே உணர்ந்து, மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் அதை ஒரே அளவில் காக்கும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். மின் இஸ்திரிப் பெட்டியிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் இது உண்டு. அறைகளுக்கான மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் வாரன் ஜான்சன். அவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை! அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வொயிட்வாட்டர் நகரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் பணியாற்றினார். அங்கே குளிர்காலத்தில் பணியாள் ஒருவர் வகுப்பு வகுப்பாக வந்து சூட்டைப் பார்த்துவிட்டுப் போய் உலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடத்துக்கு இடையூறான அந்த வழக்கத்துக்கு மாற்றாகவே, உலை காப்பவருக்கு மணியடித்து அறிவிக்கும் கருவியை அவர் உருவாக்கினார்.

இக்கருவியின் உயிர்நாடி ஈருலோகப் பட்டை. பித்தளையும் இரும்பும் சூட்டில் ஒரே அளவாக நீள்வதில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி கூடும்போது பித்தளை 0.019 மில்லிமீட்டரும் இரும்பு 0.012 மில்லிமீட்டரும் நீள்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிட்டால், அதிகம் நீளும் பித்தளை வெளிப்புறமாக இருக்கும்படி பட்டை இரும்பின் பக்கம் வளைகிறது. 20 சென்டிமீட்டர் பட்டையில், பத்து டிகிரிக்கு இரு உலோகங்களின் நீளத்தில் உண்டாகும் வேறுபாடு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆனால் பட்டையின் முனையோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நகர்கிறது. சிறிய வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாக மாற்றுவதே இதன் சிறப்பு.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறோம். காயலான் கடையில் வாங்கிய பித்தளைத் தகட்டையும், பழைய பிஸ்கட் டின்னின் இரும்புத் தகட்டையும் ஒரே அளவில் வெட்டி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆணியடித்து இறுக்கினோம். பட்டையின் ஒரு முனையை மரக்கட்டையில் பொருத்தினோம். மறுமுனைக்கு எதிரே, பித்தளையின் பக்கமாக, ஒரு திருகை வைத்தோம். பட்டை திருகைத் தொட்டிருக்கும்வரை விளக்கு எரியும். சூடேறினால் பட்டை விலகி, விளக்கு அணையும். ஆறினால் மீண்டும் தொடும். பெட்டியின் உட்புறம் தெர்மோகோல் பதித்து, விளக்கின் சூடு அதில் படாமல் தகரத் தடுப்பு வைத்தோம். விளக்கு, 21 வாட் மோட்டார் வாகன பல்பு. “பிள்ளைகளா, வீட்டு மின்சாரத்தில் நீங்கள் கை வைக்கக் கூடாது” என்று எங்கள் சிஸ்டர் கண்டிப்பாகக் கூறியதால், 12 வோல்ட் மின்மாற்றியைப் பள்ளி மின்பணியாளரே இணைத்து மூடித் தந்தார். எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது இந்த மின்மாற்றி ஒன்றுதான். உள்ளே ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், முட்டைகளின் மட்டத்தில் ஒரு வெப்பமானி. அது 37.5 காட்டும்போது விளக்கு அணையும்படி திருகைச் சரிசெய்தோம்.

எங்களில் ஒருத்தியின் பாட்டி காசு வாங்காமல் ஆறு முட்டைகள் கொடுத்தார். ஐந்தாம் நாள் இரவு முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது, சிலந்தி வலைபோலச் செந்நிற நரம்புகள் தெரிந்தன. விடுதி மாணவியர் எல்லாரும் ஓடி வந்து பார்த்தனர்!

மறுநாள் காலையில் வெப்பமானி 44 டிகிரி காட்டியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பட்டை மெல்ல விலகும்போதெல்லாம் தோன்றிய சிறு தீப்பொறி, முனையை உருக்கித் திருகோடு ஒட்டவைத்திருந்தது. ஏழாம் நாள் பார்த்தபோது நரம்புகள் இல்லை. செந்நிற வளையம் மட்டுமே இருந்தது. எங்கள் கவனக்குறைவால் ஆறு உயிர்கள் போயின. பாட்டியிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. “அடைக்கோழிகூட நடுவிலே எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வருமே! உங்க பெட்டி எழுந்திரிக்கவே இல்லையா?” என்றார்.

அந்தச் சொல் எங்களுக்குப் பாடமாயிற்று. சூடேற்றத் தெரிந்த பெட்டிக்கு, நிறுத்த ஒரே வழிதான் வைத்திருந்தோம். அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எனவே மூன்று மாற்றங்கள் செய்தோம். தொடும் இரு முனைகளிலும், அறுந்த வெள்ளிக் கொலுசின் துண்டுகளை ஈயத்தால் பற்றவைத்தோம். வெள்ளி மின்சாரத்தை நன்கு கடத்தும், எளிதில் கெடாது. திருகின் அருகே பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை வைத்தோம், அது பட்டையிலுள்ள இரும்பை இழுப்பதால், பட்டை தயங்கித் தயங்கி நகராமல் சட்டென்று தொட்டுச் சட்டென்று விலகியது, தீப்பொறி குறைந்தது. முக்கியமாக, 39 டிகிரியில் விலகும் இரண்டாவது பட்டையை அதே மின்சுற்றில் தொடராக இணைத்தோம். முதற்பட்டை ஒட்டிக்கொண்டாலும் இது விளக்கை அணைத்துவிடும். முட்டை வைக்குமுன், முதற்பட்டையை வேண்டுமென்றே கம்பியால் கட்டிச் சோதித்தோம். விளக்கு அணைந்தது!

பிறகுதான் பாட்டியிடம் மீண்டும் எட்டு முட்டைகள் கேட்டோம். 18 ஆம் நாள்வரை தினம் மூன்று முறை அவற்றைத் திருப்பி வைத்தோம். நடுவில் ஒருநாள் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மின்சாரம் இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் என்ன செய்யும்? வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி மாறி மாறிக் காவலிருந்தோம். 21 ஆம் நாள் ஐந்து குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளிவந்தன. இரண்டு முட்டைகள் கருக்கூடாதவை. ஒரு குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டது.

இதே பட்டையை அறையைக் குளிர்விக்கவும் பயன்படுத்தலாம். திருகை இரும்பின் பக்கம் மாற்றி வைத்தால், சூடேறும்போது பட்டை வந்து தொடும். 12 வோல்ட் மின்விசிறி ஒன்றை அத்துடன் இணைத்தால், அறை சூடாகும்போது சுழன்று, ஆறியதும் நிற்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். ஒரு கருவியைச் செய்யும்போது, அது எப்படி வேலை செய்யும் என்று கேட்பதோடு, கெட்டுப்போனால் என்ன செய்யும் என்றும் முதலிலேயே கேட்க வேண்டும் என்பதை அந்த ஆறு முட்டைகள் எங்களுக்குக் கற்பித்தன.

கண்காட்சி முடிந்த அன்றிரவு பாட்டி ஐந்து குஞ்சுகளையும் தம் அடைக்கோழியின் இறகுக்கடியில் மெல்ல விட்டார். அது அவற்றைத் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொண்டது. பெட்டி எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அதை உங்களிடம் விட்டுச் செல்கிறோம். முட்டை வைக்குமுன் இரண்டாவது பட்டையைச் சோதித்துக்கொள்ளுங்கள்!