ஒரு வேலையின் விலை

அன்புள்ள மலர்விழிக்கு,

செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டிருந்தாய். கொடுத்த சலுகையை ஆள் கணக்கால் வகுத்தால் விடை வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் சலுகை ஒரே வாசல் வழியாகப் போவதில்லை. திருப்பித் தரும் வரி, முத்திரைத் தீர்வை விலக்கு, மலிவு விலை மனை, அரசே போடும் சாலை என்று பல வழிகளில் போகிறது. இவற்றில் எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பெறவே முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017-இல் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை அறிவித்தது. நிறுவனம் சொன்னது 13,000 வேலை. அதாவது ஒரு வேலைக்கு அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்! ஆள் எடுத்தால்தான் வரிச் சலுகை என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் மாநிலம் பெருமளவு தப்பித்தது. 2021-இல் 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று ஒப்பந்தம் சுருங்கியது. ஆனால் ஆலைக்காக உள்ளூர் நிர்வாகம் இடித்த வீடுகள் போனவை போனவைதான். நம் ஸ்ரீபெரும்புதூரில், 2005-இல் ஒப்பந்தம் போட்டு வரியைத் திருப்பித் தர அரசு இசைந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பின்னர் அதே இடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. ஒருமுறை எடுத்த தொழில் நிலம் மறுபடி பயன்படும். வயல் அப்படித் திரும்பாது.

சலுகை தராவிட்டால் கம்பெனி ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழில் நகருக்குப் போய்விடும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. செய்யாறு காலணி ஆலையில் பல ஆயிரம் கிராமத்துப் பெண்கள் வாங்கும் மாதச் சம்பளமும் பொய்யல்ல. அதை ஏளனம் செய்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கம்பெனி போய்விடும் என்ற வாதம் வரிச் சலுகைக்குத்தான் பொருந்தும். 2023-இல் செய்யாறுக்கு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்காகச் சுமார் 3,000 ஏக்கர் எடுக்கக் கிளம்பியபோது, எதிர்த்த விவசாயிகள் சிலர் மீது குண்டர் சட்டம் வரை பாய்ந்தது. அங்கே பேரத்தில் இருந்தது வரியல்ல, வயல். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கும். அதே வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்தவரின் கூலி அந்தக் கணக்கில் எளிதில் ஏறாது.

நீயே விசாரித்துப் பார். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி சிப்காட்டுக்கு மனு எழுது. செய்யாறில் இதுவரை எடுத்த நிலம் எத்தனை ஏக்கர், அதில் ஆலை ஓடும் மனை எத்தனை, ஒப்பந்தத்தில் சொன்ன வேலை எத்தனை, இன்று வருங்கால வைப்பு நிதிப் பட்டியலில் உள்ள பெயர் எத்தனை? நான்கையும் தனித்தனி வரியாகக் கேள்.

அன்புடன்,
உன் மாமா