கூலரின் கனமும் ரோட்டுப் பள்ளமும்

நம்பிக்கை: ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள கூலரை மாட்டினால் மதர்போர்டு வளைந்து உடைந்துவிடும்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் காதில் எப்படியும் விழுந்துவிடும் எச்சரிக்கை இது. கூலரைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். நாக்டுவாவின் என்ஹெச்-டி15, இரண்டு ஃபேனோடு சேர்த்து 1,320 கிராம். கேபினெட்டை நிமிர்த்தி வைத்தால் அவ்வளவும் போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

உண்மை: கனத்தைத் தாங்குவது வெறும் போர்டு இல்லை. இந்த ரகக் கூலர்கள் போர்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டோடு ஸ்குரூ போட்டு முடுக்கப்படுபவை. பாரம் அந்தத் தகட்டில் பரவிவிடும். அதோடு, கூலர் புராசஸர்மேல் சரியாகப் பதிய ஸ்குரூக்கள் கொடுக்கும் அழுத்தமே அதன் எடையைப்போலப் பல மடங்கு. அதையே தாங்குகிற போர்டு, மேசைமேல் அசையாமல் இருக்கும்வரை ஒரு கிலோ சொச்சத்துக்கெல்லாம் அசராது. பேக்பிளேட்டே இல்லாத ஸ்லாட்டில் 2 கிலோவைத் தாண்டும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டைச் செருகும்போது மட்டும் ஏனோ இந்தக் கவலை அவ்வளவாக வருவதில்லை.

ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது: அளவுக்கு மீறிய முடுக்கல், குலுங்கல். 2015 கடைசியில் இன்டெல்லின் ஸ்கைலேக் புராசஸர்கள் சில வளைந்தது செய்தியானது. முந்தைய தலைமுறையைவிட அவற்றின் அடித்தகடு மெல்லியது. தன் கூலர்கள் சிலவற்றின் அழுத்தம் கூடுதல் என்றும், கம்ப்யூட்டரை இடம் மாற்றும்போது பலமாக அடிபட்டால் அரிதாகச் சேதம் வரலாம் என்றும் ஜப்பானின் சைத் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது மாற்றிக் கொடுத்தது கூலரை அல்ல, ஸ்குரூக்களை.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ரிச்சி தெருவில் மாட்டி முடித்த கேபினெட்டை ஸ்கூட்டர் ஃபுட்போர்டில் நிறுத்தி, சி.டி.ஹெச். ரோட்டிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ கொண்டுவருகிறோம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் அந்த நொடியில் கூலரின் பாரம் பல மடங்காகி, நெம்புகோல்போல போர்டை இழுக்கும். பெரிய கூலரைக் கழற்றித் தனியாக எடுத்து வருவதே நல்லது. தயாரிப்பாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். முடியாதென்றால் கூலர் மேல்நோக்கி இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்துக் காரிலோ ஆட்டோவிலோ கொண்டுவாருங்கள். கூட்டமில்லாத நேரமென்றால் சென்ட்ரலிலிருந்து ஆவடி லோக்கல் இன்னும் உத்தமம். தண்டவாளத்தில் பள்ளம் கிடையாது.

நம்பிக்கை: பாக்ஸோடு வரும் சின்ன கூலர்தான் பாதுகாப்பு.

கனம் குறைவுதான். ஆனால் இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் புராசஸர் கொதிக்கும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

கூலரைக் கழற்றும்போதும் கவனம் தேவை. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் பேஸ்ட் இறுகியிருந்தால், இழுக்கிற வேகத்தில் புராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடானதும் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.