முதல் ஸ்கேட்டிங் ஷூ

மார்கழி மாதத்துப் பனி எவ்வளவு கொட்டினாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் குளத்துத் தண்ணீர் உறைவதில்லை. ஆகவே, பனிக்கட்டியின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கியை நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆயினும் அந்த ஆட்டத்திற்கும், நம் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் பழகும் சக்கர ஸ்கேட்டிங்கிற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1980-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்னும் ஐஸ் ஹாக்கி ஆடும் சகோதரர்கள் இருவர், பனிக்கட்டி இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்ய வழி தேடினார்கள். சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த ஷூவைச் சீர்திருத்தினார்கள். ‘இன்லைன்’ ஸ்கேட்ஸ் உலகெங்கும் பரவ அது வழிவகுத்தது.

ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 3000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வென்றது. அணியில் இருந்த நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் ஆகிய இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். அச்செய்தியைப் படித்துவிட்டு, “எனக்கும் ஸ்கேட்ஸ் வாங்கித் தாருங்கள்” என்று வீட்டில் கேட்கும் மாணவிகளுக்கும், அவர்கள் பெற்றோருக்கும் இக்கட்டுரை பயன்படட்டும்.

ஷூவின் உறுப்புகள்

ஸ்கேட்டிங் ஷூவில் மூன்று பாகங்கள் உண்டு. பாதத்தைப் பிடிக்கும் பூட்ஸ் ஒன்று. அதன் அடியில் உள்ள சட்டம் ஒன்று. சட்டத்தில் பொருந்திய சக்கரங்கள், அல்லது ஐஸ் ஸ்கேட்ஸ் ஆனால் எஃகுத் தகடு, மற்றொன்று. கடைக்குப் போனவுடன் நம் கண் சக்கரத்தின் நிறத்தில்தான் விழும். ஆனால் சக்கரத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பேரிங்கையும் மாற்றலாம். பாதத்திற்குப் பொருந்தாத பூட்ஸை ஒன்றும் செய்ய இயலாது. எனவே முதலில் பூட்ஸைப் பார்க்க வேண்டும்.

“வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகவே கொடுங்கள்” என்று கேட்பது நம் வழக்கம். பள்ளிக்கூட ஷூவுக்கு அது ஓரளவு சரி. ஸ்கேட்டிங் ஷூவுக்குச் சரியாகாது. பெரிய ஷூவுக்குள் குதிகால் தூக்கிக் கொடுக்கும். கணுக்கால் உட்பக்கம் சாயும். சிறுமி சக்கரத்தைத் திருப்ப நினைக்கும் கணத்தில் ஷூ மட்டும் ஒரு பக்கம் போகும். விழுவாள், மறுபடியும் விழுவாள். பிறகு “எனக்கு இது வராது” என்று முடிவு கட்டிவிடுவாள். குறை அவளிடம் இல்லை, ஷூவில் இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. ஒரு சைஸில் பணத்தை மிச்சப்படுத்தப் பார்த்து, வாங்கிய பணம் முழுவதையும் பரண் மேல் போட்டுவைக்கும் கதை இப்படித்தான் நடக்கிறது.

பாதத்தை அளத்தல்

போடியில் ஏலக்காயைச் சல்லடையிட்டு மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிப்பதை அறிந்தவர்கள் நாம். ஒரு மில்லிமீட்டரில் விலையே மாறிவிடும். அந்தக் கவனம் இங்கும் தேவை.

மாலை நேரத்தில் அளப்பது நல்லது. பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்றே பருத்திருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை விரித்து, மெல்லிய காலுறை அணிந்து, குதிகால் சுவரில் படும்படி நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாகத் தெரியும். மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு, சுவரிலிருந்து மில்லிமீட்டரில் அளக்கவும். அகலமான இடத்தையும் குறித்துக்கொள்ளவும். பலருக்கு இரு பாதமும் ஒரே அளவாக இராது. பெரியதையே கணக்கில் கொள்ள வேண்டும். கடையில் செருப்பு எண்ணைச் சொல்லாமல் இந்த அளவைக் காட்டி, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஐஸ் ஹாக்கி ஷூவில் எண் பெரும்பாலும் நம் செருப்பு எண்ணைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகவே வரும்.

அணிந்து பார்த்தல்

குதிகாலைப் பின்னால் தள்ளி அமர்த்தியபின் கயிற்றைக் கட்ட வேண்டும். விரல் பக்கம் இலேசாகவும், பாதத்தின் மேட்டில் இறுக்கமாகவும், மேலே முழங்காலை முன்னுக்கு மடக்க இடம் விட்டும் கட்டுவது முறை. நேராக நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சிறிது பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் அணிந்திருந்து கழற்றிப் பாருங்கள். கணுக்கால் எலும்பிலோ குதிகாலிலோ சிவந்த தடம் இருந்தால் அந்த ஷூ வேண்டாம்.

வளர்ச்சிக்கென இடம் விட்டால் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பெண் பிள்ளைகளின் பாதம் பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் முழு நீளத்தை எட்டிவிடும். மேல் வகுப்பு மாணவிகளுக்கு அந்த இடமும் தேவையில்லை. சிறுமிகளுக்கு, நீட்டிக் குறுக்கும் வசதியுள்ள ஸ்கேட்ஸ் கிடைக்கின்றன. மூன்று நான்கு சைஸ் வரை அவை கூடவே வளரும்.

லடாக்கில் ஐஸ் ஹாக்கி தொடங்கிய காலத்தில், ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஆடியவர்கள் உண்டு. பின்னர் ஆட வந்த பெண்களோ, ஆண்களிடம் இரவல் வாங்கிய பொருந்தாத ஷூக்களோடு உறைந்த குளங்களில் பழகினார்கள். அந்நிலையிலிருந்து வளர்ந்த இந்தியப் பெண்கள் அணி 2016-இல் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது. 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அவர்கள் உறுதியை நாம் போற்றுவோம். அதற்காக, பொருந்தாத ஷூவை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

சக்கரமும் தகடும்

புதிதாகப் பழகுபவர்க்குக் கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸும், 70 முதல் 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரங்களும் போதும். பந்தய வீரர்களின் 110, 125 மில்லிமீட்டர் சக்கரங்களும் தாழ்ந்த பூட்ஸும் தேர்ந்தவர்களுக்கே உரியவை. சக்கரத்தின் மேல் 78ஏ, 82ஏ, 85ஏ என்றிருப்பது அதன் கடினத்தைக் குறிக்கும். எண் குறைந்தால் சக்கரம் மெது. சொரசொரப்பான தரையில் அதிர்வைத் தாங்கும். வழவழப்பான அரங்கத் தரைக்குச் சற்றுக் கடினமானது ஏற்றது.

ஐஸ் ஹாக்கித் தகட்டின் அடிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கடைந்திருக்கும். அதனால் இருபுறமும் இரு கூரிய விளிம்புகள் உண்டாகின்றன. திரும்பவும் நிற்கவும் உதவுபவை அவையே. புதுத் தகட்டைப் பெரும்பாலும் தீட்டிய பிறகே பயன்படுத்த முடியும்.

பெற்றோர் கவனத்திற்கு

கையிலுள்ள பணத்தில் முதலில் தலைக்கவசத்திற்கும், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. ஆதலால் மணிக்கட்டில்தான் அடி மிகுதி. மீதியில் நல்ல பூட்ஸ் வாங்கலாம். பழைய ஷூ வாங்குவதும் தவறில்லை. கணுக்கால் பகுதி தளர்ந்து மடியாமலும், சட்டம் வளையாமலும், சக்கரம் ஒரு பக்கமே தேயாமலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லாமல் வாங்காதீர்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ?

செய்து பார்க்க

1. உன் இரு பாதங்களையும் மேற்சொன்ன முறையில் அளந்து, வித்தியாசத்தை எழுது.
2. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அளந்து ஒப்பிட்டுப் பார்.
3. இப்போது நீ அணியும் பள்ளி ஷூவில் குதிகால் எழும்புகிறதா? நடந்து பார்த்து, வீட்டில் பெரியவர்களிடம் சொல்.