ஆளுக்கு வாக்கா? கொள்கைக்கு வாக்கா?



"இன்னார் நமக்கு வேண்டியவர், கடை தேடி வந்து சலாம் சொன்னவர், ஆகவே நம் வாக்கு அவருக்கே" என்று நம்மில் பலர் கூறுவதுண்டு. ஆளை மட்டும் பார்த்து அளிக்கும் வாக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு நம் பேராக் மாநிலமே தக்க பாடமாகும்.

2008 மார்ச் தேர்தலில், 59 சட்டமன்ற ஸ்தானங்களுள் 31-ஐப் பக்காத்தான் ராக்யாட்டும் 28-ஐத் தேசிய முன்னணியும் வென்றன. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் தத்தம் கட்சியை விட்டு விலகித் தேசிய முன்னணியை ஆதரித்தனர். அவர்களுள் ஒருவர் சிலிபினை அடுத்துள்ள ஜெலாப்பாங் தொகுதியின் பிரதிநிதி. மறுதேர்தல் நடைபெறவில்லை. மந்திரி புசார் நிஜார் ஜமாலுத்தீன் போய், ஜம்ரி அப்துல் காதிர் வந்தார். 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அந்நியமனம் செல்லும் என்றது.

இதனால் வியாபாரிக்கு என்ன என்று கேட்கலாம். நகரசபைத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. நம் கடை லைசென்ஸ் ஈப்போ மாநகர் மன்றத்தின் கையில். அம்மன்ற உறுப்பினரை நியமிப்பதோ மாநில அரசு. ஆகவே மூவர் இடம் மாறினால் நம் கடைவாசல் வரை அதன் விளைவு வரும்.

2022 அக்டோபரில் அமலுக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் ஸ்தானத்தை இழப்பார். ஆனால் கட்சியே அவரை நீக்கினால் இழக்கமாட்டார். கட்சி முழுதும் அணி மாறினாலும் ஸ்தானம் போகாது. அதாவது, சட்டம் ஆளைக் கட்சியோடு கட்டிற்றேயன்றி, கட்சியை அதன் சொல்லோடு கட்டவில்லை. அவ்வேலை வாக்காளரைச் சேர்ந்தது.

அப்படியாயின் ஆளைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். நாணயமற்றவர் கையில் நல்ல கொள்கையும் முதலிழந்த கடைபோலாகும். எனினும் வரிசை முக்கியம்: முதலில் கொள்கை, பிறகு ஆள். தொழிலில் பங்காளி சேர்க்கையில், முகத்தை மட்டும் நம்பிப் பத்திரத்தைப் படியாமல் கையெழுத்திடுவோமா?

ஆகவே அடுத்த தேர்தலில் ஒவ்வொரு கட்சியின் அறிக்கையையும் வாங்கிப் படியுங்கள். லைசென்ஸ், வரி, தொழிலாளர் அனுமதி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கிறது என்று குறித்து, அக்குறிப்பைப் பேரேட்டோடு வையுங்கள். ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கும் நாளில் வரவு எது, நிலுவை எது என்று அதையும் சரி பாருங்கள். நிலுவை கேட்கத் தெரிந்த வாக்காளரையே கட்சிகள் அஞ்சும்.