பழைய மலைச்சைக்கிளுக்குப் புதுப்பூச்சு: உரிப்பதற்கு முன் தெளிய வேண்டியவை

சுவிற்சர்லாந்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ் அறைகளில் 1990களின் மலைச்சைக்கிள்கள் இன்னும் பல நிற்கின்றன. 1996ஆம் ஆண்டு அத்லாந்தா ஒலிம்பிக்கில் மலைச்சைக்கிளோட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது சுவிஸ் வீரர் தோமஸ் ஃபிரிஷ்க்னெக்ட் வெள்ளிப் பதக்கம் வென்றார். மறு ஆண்டில் உலகப் போட்டி வோ மாநிலத்தின் ஷத்தோ-தே நகரில் நடைபெற்றது. அக்காலத்தில் வாங்கப்பட்ட வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்று மகனுக்கோ மகளுக்கோ உரியனவாகின்றன. நிறம் மங்கிய அவற்றின் பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூச வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. செலவும் குறைவு எனத் தோன்றும். ஆயினும் பூச்சு வெறும் அலங்காரம் அன்று. அது உலோகத்தைக் காக்கும் தோல். உலோகத்துக்கு நேர்ந்ததைக் காட்டும் சாட்சியும் ஆகும். அதை உரிப்பவர் தம் நுரையீரலையும், அவ்வண்டியில் செல்பவரின் உயிரையும், வீட்டாரின் நலனையும் ஒருங்கே பொறுப்பேற்கிறார்.

முதலில் பார்வை, பின்னரே உரித்தல்

உலோகத்தில் வெடிப்பு உண்டாகும்போது அதன் மேலுள்ள பூச்சிலும் மயிரிழை போன்ற ஒரு கோடு பெரும்பாலும் தோன்றும். அக்கோட்டின் ஓரத்தில் துருக்கறை கசிந்திருந்தால் ஐயம் மேலும் வலுக்கும். எனவே பூச்சைத் தொடுவதற்கு முன், வண்டியை நன்கு கழுவி உலர்த்தி, பகல் ஒளியில் சட்டகம் முழுவதையும் பார்க்க வேண்டும். கைபிடித் தண்டு செல்லும் முன்குழாயும் கீழ்க்குழாயும் சேருமிடம், இருக்கைத் தண்டு நுழையும் குழாயின் வாய், மிதிகளின் அச்சு அமைந்த உருளையைச் சுற்றிய பகுதி, பின்சில்லு பொருந்தும் முனைகள் ஆகியன தனிக்கவனத்துக்கு உரியன. ஐயத்துக்குரிய இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உரித்த பின் அதே இடங்களை மீண்டும் பார்க்க வேண்டும்.

அரத்தாளால் தேய்த்து, பள்ளங்களைப் பசையால் நிரப்பி, மேலே பளபளப்பாகப் பூசிவிட்டால் அச்சாட்சி அழிந்துவிடும். வெடிப்பு மட்டும் அப்படியே இருக்கும். நிறம் மங்கிய சட்டகம் வலுவிழந்தது என்பதில்லை. பளபளக்கும் சட்டகம் வலுவானது என்பதும் இல்லை.

சட்டகம் எதனால் ஆனது?

காந்தம் ஒட்டினால் அது உருக்கு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அரிதாகத் தைற்றேனியம் அல்லது காபன் நார். இந்த வேறுபாட்டை அறியாமல் எவ்வேலையும் தொடங்கலாகாது.

உருக்குச் சட்டகம் இவற்றுள் பொறுமை மிக்கது. ஆயினும் தரமான உருக்குக் குழாய்கள் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையவை. சுழலும் அரைப்புப் பொறியை ஓரிடத்தில் சிறிது நேரம் அழுத்தினாலே தடிப்பின் ஒரு பகுதி குறைந்துவிடும். உரித்த உருக்கு ஈரக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், அடிப்பூச்சை அன்றே இடுவது நல்லது.

அலுமினியத்தின் மேல் எரிசோடா கலந்த நீக்கி படலாகாது. அது பூச்சோடு உலோகத்தையும் அரிக்கும். எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவையும் வெளியிடும். வெப்பமும் அலுமினியத்துக்குப் பகையாகலாம். அலுமினியச் சட்டகங்கள் பல, கட்டுப்படுத்தப்பட்ட வெப்பத்தில் பதப்படுத்தியே வலுப்பெற்றவை. பவுடர் பூச்சு ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகுகிறது. குறுகிய நேரம் ஒருமுறை சூடேறுவதைப் பல சட்டகங்கள் தாங்கும். நீண்ட நேரமோ பலமுறையோ சூடேற்றினால் வலு குறையும். பழைய பூச்சை எரித்து நீக்கும் சூளைகளின் வெப்பம் 400 பாகையை எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் அலுமினியம் பதமிழந்து மென்மையாகிவிடும். குழாய்கள் பசையால் இணைக்கப்பட்ட 1990களின் சட்டகங்களுக்கு எந்தச் சூளையும் ஆகாது.

காபன் நார்ச் சட்டகத்தில் இரசாயன நீக்கி, மணல் வீச்சு, வெப்பக்காற்றுத் துப்பாக்கி ஆகிய மூன்றும் விலக்கப்பட வேண்டியவை. நார்களைப் பிணைக்கும் பிசினை அவை சிதைக்கும். அதிர்வு தாங்கும் முன்கவையின் கீழ்க்கால்கள் பலவற்றில் மக்னீசியத்தால் ஆனவை. மக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும். பற்றிய தீயை நீரால் அணைக்க முயன்றால் அது மேலும் மூளும். ஆகவே முன்கவையைக் கழற்றி வைத்துவிட்டே பூச்சு வேலையைத் தொடங்க வேண்டும்.

உடலுக்கு நேரும் தீங்கு

பழைய பூச்சுகளில், சிறப்பாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயக் குரோமேற்று இருக்கக்கூடும். 2005 மே 18ஆம் திகதியிட்ட சுவிஸ் இரசாயன ஆபத்துக் குறைப்புக் கட்டளை ஈயம் கலந்த பூச்சுகளைத் தடைசெய்கிறது. ஆனால் அதற்கு முன் பூசப்பட்ட வண்டிகளில் உள்ளது அப்படியே இருக்கிறது. உடலுக்குத் தீங்கற்றது எனக் கொள்ளத்தக்க ஈயத்தின் அளவு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். உலர்ந்த பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூள் உடையிலும் தரையிலும் படிந்து, அங்கிருந்து பிள்ளையின் கையை அடைகிறது. ஆகவே நீர் தடவித் தேய்க்க வேண்டும். வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருத்தல் ஆகாது.

நீக்கிகளுள் கொடியது டைகுளோரோமீதேன் கலந்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலக்கீழ் அறையின் தரைமட்டத்தில் தேங்கும். சுவாசித்தால் மயக்கம் உண்டாகும். உடலினுள் அதன் ஒரு பகுதி காபனோரொட்சைட்டாகவும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகை நீக்கியைப் பொதுமக்களுக்கு விற்பது 2011 டிசெம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் அலமாரியில் மறந்துபோன பழைய தகரத்தில் அது இருக்கலாம். பெயர்ச்சீட்டைப் படிக்காமல் திறக்கலாகாது. புதுப்பூச்சிலும் ஆபத்து உண்டு. இரு கூறுகளைக் கலந்து தெளிக்கும் பூச்சுகளின் இறுக்கியில் ஐசோசயனேற்று இருக்கும்; அதனால் ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பின்னர் சிறிதளவு ஆவியும் ஆஸ்மாவைத் தூண்டலாம். சாதாரணத் தூள்முகமூடி எந்த ஆவியையும் தடுக்காது.

ஆவியைச் சுவாசித்தோ நீக்கி கண்ணில் பட்டோ ஐயம் எழுந்தால் 145 என்னும் இலக்கத்தை அழைக்க வேண்டும். 1966ஆம் ஆண்டு முதல் சூரிச்சில் இயங்கிவரும் நச்சியல் தகவல் நிலையமான டொக்ஸ் இன்ஃபோ சுவிஸ் இரவும் பகலும் அவ்விலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது. ஒருவர் நினைவிழந்தாலோ மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி 144ஐ அழைக்க வேண்டும்.

இடமும் கழிவும்

வாடகை வீட்டின் நிலக்கீழ் அறை, சலவை அறை, பல்கனி ஆகியன இவ்வேலைக்கு உரிய இடங்கள் அல்ல. வாடகையாளர் வீட்டைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும், அயலவரை மதித்து நடக்க வேண்டும் எனக் கடப்பாடுகள் சட்டத்தின் 257f உறுப்புரை விதிக்கிறது. மாடிப்படி வழியே பரவும் ஆவி குறித்த முறைப்பாடு இவ்விதியின் கீழ் எழலாம்.

கழுவிய நீரையோ எஞ்சிய நீக்கியையோ வடிகாலில் ஊற்றுவது 1991ஆம் ஆண்டின் நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. நீக்கியின் எச்சம், பூச்சுச் சுரண்டல், அவை படிந்த துணி ஆகியவற்றை மூடியுள்ள கலத்தில் இட்டு, ஜேர்மன் மொழியில் ‘சொண்டர்அப்ஃபால்’ எனப்படும் சிறப்புக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் இடமும் நாளும் நகராட்சியின் கழிவு நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். ஆபத்தான இரசாயனப் பொருளை விற்ற கடை, அதைத் தனியாரிடமிருந்து திரும்பப் பெறுவதற்கும், சிறு அளவாயின் கட்டணமின்றிப் பெறுவதற்கும் இரசாயனச் சட்டத்தின் 22ஆம் உறுப்புரையால் கடமைப்பட்டுள்ளது.

சட்டக இலக்கமும் விற்பனையும்

மிதி அச்சு உருளையின் அடியில் பொதுவாகச் சட்டக இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டி திருட்டுப்போனால் காவல்துறையும் காப்புறுதி நிறுவனமும் கேட்பது அவ்விலக்கத்தையே. அதைத் தேய்த்து அழித்தாலும் தடித்த பூச்சால் மூடினாலும் உரிமையாளர் தம் வண்டியை அடையாளம் காட்ட இயலாமற் போகலாம். உரிக்கும் முன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்தை நாடாவால் மறைத்து வைப்பது நன்று.

புதுப்பூச்சிட்ட வண்டியை விற்பவர், ‘பார்த்தபடியே விற்கப்படுகிறது, பொறுப்பு இல்லை’ என எழுதி வாங்கினால் போதும் என எண்ணலாம். ஆனால் குறையை அறிந்தே மறைத்தவருக்கு அத்தகைய வாசகம் துணை நிற்காது. கடப்பாடுகள் சட்டத்தின் 199ஆம் உறுப்புரை அதைச் செல்லாததாக்குகிறது. தெரிந்த வெடிப்பின் மேல் பூசப்பட்ட நிறம் இவ்விதிக்குள் அடங்கும்.

பொருத்தமான வழி

பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு முழுமையாக உரித்தல் தேவையே இல்லை. கழுவி, துருப்பட்ட சிறு இடங்களை மட்டும் ஈரமாகத் தேய்த்து, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டு, மெழுகு பூசினால் சட்டகம் பல ஆண்டுகள் நிலைக்கும். முழுமையாக உரித்தே ஆகவேண்டுமாயின் தொழில்முறைப் பூச்சகத்தை நாட வேண்டும். பழைய பூச்சு எம்முறையில் நீக்கப்படும், சூளையின் வெப்பம் எவ்வளவு, திருகுப் புரிகளும் குழாய்களின் உட்பக்கமும் மறைக்கப்படுமா என்னும் மூன்றையும் கேட்டறிந்த பின்னரே சட்டகத்தை ஒப்படைக்க வேண்டும். வெடிப்பு உறுதியானால் அச்சட்டகத்தை ஓட்டுவதும் கொடுப்பதும் விற்பதும் தவிர்க்கப்பட வேண்டும். அதன் இடம் உலோகக் கழிவு. நல்ல நிலையில் இருந்தும் தேவைப்படாத வண்டியை, பயன்படுத்திய சைக்கிள்களைச் செப்பனிட்டு ஆபிரிக்காவுக்கு அனுப்பும் வெலாஃப்ரிக்கா போன்ற அமைப்புகளுக்கு வழங்கலாம்.