மூடிய சுற்றில் மூச்சின் சூடு

மூடிய சுவாசச் சுற்றில், ஒருவர் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை நீக்கி, செலவான ஆக்சிஜனை ஈடுசெய்து, மீண்டும் அவருக்கே உள்ளே அனுப்புகிறார்கள். ரீபிரீதர் என்ற மறுசுவாசக் கருவியை அணிந்து கடலில் மூழ்குபவரும், வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருப்பவரும் இந்த முறையில்தான் சுவாசிக்கிறார்கள். இரு இடத்திலும் வாயுவின் சூட்டைத் தனியாகப் பார்த்தால் போதாது; ஈரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

சூடு பிறக்கும் இடம் சோடா லைம் குருணைகள் நிரப்பிய கேனிஸ்டர். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளில் முடி நீக்குவதற்காகத் தோலை ஊறவைக்கும் அதே நீற்றிய சுண்ணாம்புதான் அதில் சுமார் 80 சதவீதம். ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர். மீதியில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு. கரியமில வாயு முதலில் அந்த ஈரத்தில் கரைந்து, பின் வினைபுரிந்து, கடைசியில் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அப்போது வெப்பமும் தண்ணீரும் வெளிப்படுகின்றன. வேலை செய்யும் குருணைகளின் நடுவே சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

நாம் மூக்கால் மூச்சு இழுக்கும்போது காற்று நுரையீரலைச் சேர்வதற்குள் 37 டிகிரிக்கு வந்து, லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் ஏற்றுக்கொள்கிறது. மூச்சுக்குழாயில் டியூப் வைத்துவிட்டால் மூக்கின் இந்த உதவி கிடைக்காது. குழாய் வழியே வரும் மருத்துவ ஆக்சிஜனோ வறண்டது. வறண்ட வாயு சளியைக் கெட்டியாக்கும். குழந்தைகளின் குறுகிய டியூபை அது அடைத்துவிடக்கூடும். புதிய வாயுவின் ஓட்டத்தைக் குறைத்தால், கேனிஸ்டர் வழியே திரும்பி வரும் வாயுவின் பங்கு கூடும். சூடும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்ற குறை ஓட்டத்தை 1952இல் ஃபோல்டெஸ் என்ற மயக்கவியல் மருத்துவரும், அரை லிட்டரை 1974இல் விர்ச்சூ என்பவரும் எடுத்துக்காட்டினார்கள்.

கேனிஸ்டரின் சூடு முழுதாக நோயாளியைச் சேர்வதில்லை. மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் தியேட்டருக்குள் ஏசி குளிர்தான். நீளக் குழாயில் வரும் வாயு ஆறி, நீராவி துளிகளாகப் படியும். நீர் சேகரிக்கும் கிண்ணத்தைக் குழாயின் தாழ்ந்த இடத்தில் வைத்து, நிரம்பும் முன் காலி செய்ய வேண்டும். மூச்சின் வழியே போவது உடல் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஆகவே வாயு சூடாக இருக்கிறதென்று போர்வையை விட்டுவிடக் கூடாது.

கடலில் சிக்கல் வேறு. ஆழம் கூடக்கூட வாயு அடர்த்தியாகி, உடலின் வெப்பத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும். ஆழ்கடலில் மூழ்குபவரின் வாயுக் கலவையில் சேர்க்கும் ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த சோடா லைம் கரியமில வாயுவைச் சரியாக உறிஞ்சாது. அதனால் குளிர்நீரில் இறங்குமுன் கேனிஸ்டருக்கு வெப்பக்காப்பு அவசியம். கடல்நீர் கசிந்து குருணைகளில் பட்டால், காரக் கரைசல் வாய்வரை வந்து புண்ணாக்கும். கசிவுச் சோதனையைத் தவறவே விடக்கூடாது.

தியேட்டரிலோ, மயக்கத்தில் இருப்பவரால் எதையும் சொல்ல முடியாது. கவனிப்பவரின் கையும் கண்ணும்தான் அவருக்குக் காவல். கேனிஸ்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நெடுநேரம் ஓடியும் குளிர்ந்தே இருந்தால், குருணைகள் தீர்ந்திருக்கலாம்; அல்லது வாயு அதன் வழியே போகாமலிருக்கலாம். தீர்ந்த குருணைகள் பெரும்பாலும் ஊதா நிறமாகும். ஆனால் ஓய்வில் விட்டால் மீண்டும் வெளுத்துவிடும். காலையில் காணும் வெள்ளை நிறத்தை நம்பாமல், உள்ளிழுக்கும் வாயுவில் கரியமில வாயு ஏறுகிறதா என்பதை கேப்னோகிராஃபில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அளவுக்கு மிஞ்சிய சூடு பெரும்பாலும் ஈரம் போனதன் அடையாளம். வார இறுதியில் மூடாமல் விட்ட ஆக்சிஜன் ஓட்டம் சோடா லைமை உலர்த்திவிடும். உலர்ந்த குருணைகளோடு செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து வினைபுரிந்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டக்கூடும். மற்றொரு மயக்க மருந்தான டெஸ்ஃப்ளூரேன் என்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதேபோன்ற உறிஞ்சியான பாராலைம், தீ விபத்துகளுக்குப் பின் 2004இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கடைசி நோயாளி வெளியேறியதும் வாயு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இரவெல்லாம் ஓடியது காலையில் தெரியவந்தால், நிறம் எப்படி இருந்தாலும் குருணைகளை மாற்றிவிட்டுத்தான் அடுத்த நோயாளியை எடுக்க வேண்டும்.