உறுதியைச் சந்தேகம் நீக்காது

பள்ளிவாசல் ஹவுளருகே சிலரை நாம் பார்க்கிறோம். ஒளூச் செய்துவிட்டு எழுவார்கள், இரண்டடி நடந்ததும் 'முறிந்துவிட்டதோ' என்று எண்ணம் வரும், மறுபடியும் உட்காருவார்கள். அதற்குள் ஜமாஅத்தில் ஒரு ரக்அத் போய்விடும். வீடுகளில் தாய்மார்கள் படும்பாடு இதைவிட அதிகம். இதனைப் பேணுதல் என்று அவர்கள் கருதுகிறார்கள். உண்மையில் இது வஸ்வாஸ்.

தொழுகையில் ஒளூ முறிந்ததுபோல் தோன்றும் ஒருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. சப்தம் கேட்காமலோ, வாடை தெரியாமலோ அவர் தொழுகையை விட வேண்டாமென்று அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இதைக் கொண்டே 'அல்யகீனு லா யஸூலு பிஷ்ஷக்' என்னும் காயிதாவை, அதாவது பொதுவிதியை, இமாம்கள் நிறுவினர்.

இத்தகைய காயிதாக்களை முன்னோர் எவ்வளவு அருமையாகப் போற்றினர்! ஹனஃபீ அறிஞர் அபூதாஹிர் அத்தப்பாஸ் (ரஹ்) கண்பார்வை இல்லாதவர். தம் மத்ஹபைப் பதினேழு காயிதாக்களில் அடக்கி, இரவில் எல்லோரும் போன பின் பள்ளியில் தனியே ஓதிப் பார்ப்பாராம். ஒருவர் பாயைச் சுற்றிக்கொண்டு ஒளிந்திருந்து கேட்டார். ஏழாவது முடிந்ததும் இருமல் வந்துவிட்டது, அடிபட்டு வெளியேறினார்! இமாம் ஸுயூத்தீ (ஹி. 911இல் வஃபாத்) இதை எழுதியுள்ளார். இச்செய்தி எட்டியதும் காழீ ஹுஸைன் (ரஹ்) ஷாபிஈ மத்ஹபை நான்கு காயிதாக்களில் அடக்கினாராம். நாம் பேசும் காயிதா அந்நான்கில் ஒன்று. துருக்கி உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' சட்டநூலிலும் அது நான்காம் விதியாக இடம்பெற்றது.

ஒரே காயிதா இருவேறு முடிவு தருவதைக் கவனியுங்கள். ஸஹர் உண்ணும்போது சுப்ஹு வந்ததா என்ற சந்தேகம். இரவு இருந்தது உறுதி, எனவே நோன்பு கூடும். மாலையில் சூரியன் மறைந்ததா என்ற சந்தேகம். பகல் இருந்தது உறுதி. அச்சந்தேகத்துடனே உண்டு, பின்னும் விஷயம் தெளிவாகாவிட்டால் களாச் செய்ய வேண்டும். சந்தேகம் ஒன்றுதான், அதற்கு முன்பிருந்த உறுதி வேறு.

ஒளூவில் மாலிக்கீ மத்ஹபின் பிரபலமான சொல் மாறுபடுகிறது. ஷாபிஈ, ஹனஃபீ மக்களாகிய நமக்கு, முறிந்தது உறுதியாகாதவரை ஒளூ நிற்கிறது.

தலாக் விஷயத்திலும் அவ்வாறே. கோபத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டோமா என்று கணவனுக்கு வெறும் சந்தேகமானால் நிக்காஹ் நிலைத்திருக்கிறது. சொன்னது நிச்சயம், ஒன்றா இரண்டா என்பதே சந்தேகம் என்றால் ஒன்று நிகழ்ந்துவிட்டது. அதனைச் சந்தேகக் கணக்கில் தள்ள முடியாது.